தையல் போட்ட பிறகும் சுண்டெலிக்குக் குளிரும்

போன டிசம்பரில் ஒரு சாயங்காலம், நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிற நேரம். எங்களிடம் பிஎச்டி செய்கிற ஈரோட்டுப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "அக்கா, ஆபரேஷன் நல்லாத்தான் முடிஞ்சுது, ரத்தமே வரல. ஆனா ஒண்ணரை மணி நேரமாச்சு, இன்னும் எந்திரிக்கல." போய்ப் பார்த்தேன். தையல் அவ்வளவு சுத்தமாக இருந்தது. ஆனால் சுண்டெலியைக் கையில் எடுத்ததுமே கையுறை வழியாகச் சில்லென்று தெரிந்தது, காதும் பாதமும் வெளுத்துப் போயிருந்தன. உடம்புக்குள் சூடு பார்க்கும் ப்ரோப் வைத்தால் 30 டிகிரி. 37-ஐ ஒட்டி இருக்க வேண்டிய உடம்பு அது. கூண்டை அவள் வைத்திருந்தது ஏசி காற்று நேராக வந்து விழும் மேசையில்.

பெங்களூருவில், ஆராய்ச்சிக்கான விலங்குகளை வைத்திருக்கும் அனிமல் ஹவுஸில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர் நான். அறுவையில் கை தேர்ந்தவர்களின் விலங்குகளே இப்படிக் குளிரில் போவதைப் பலமுறை பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

சுண்டெலியின் எடை 25 கிராம் இருக்கும். அந்தச் சின்ன உடம்புக்கு எடையோடு ஒப்பிட்டால் மேல்தோல் பரப்பு ரொம்ப அதிகம், அதனால் சூடு வேகமாக வெளியேறிவிடும். சும்மா இருக்கும்போது அதற்கு இதமான அறைச் சூடு 30 டிகிரிக்குப் பக்கம், நாம் அதை வைத்திருப்பதோ 22, 23-ல். விழித்திருக்கும்வரை கூடு கட்டியும், கூட்டாளிகளோடு ஒட்டிப் படுத்தும், நிறையத் தின்றும் சமாளித்துக்கொள்கிறது. மயக்க மருந்து கொடுத்த நிமிடமே அதெல்லாம் நின்றுவிடுகிறது. மூளையின் வெப்பக் கட்டுப்பாடு மங்குகிறது, நடுக்கம் வராது, தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து உள்ளே இருக்கும் சூட்டை வெளியே கொண்டுவந்து கொட்டுகின்றன. முதல் 10, 15 நிமிடத்திலேயே சில டிகிரி இறங்கிவிடும். நீங்கள் அப்போதுதான் முடியை மழித்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்த மழிப்பதும் துடைப்பதும்தான் அடுத்த இழப்பு. இருக்கிற ரோமத்தையும் எடுத்துவிட்டு, வயிறு முழுக்க ஸ்பிரிட்டை ஊற்றித் துடைத்தால் அது ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். வெட்டப்போகும் இடத்தைச் சுற்றி மட்டும் மழித்தால் போதும், கிருமிநாசினியை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளலாம், ஸ்பிரிட் பஞ்சில் ஈரம் பட்டால் போதும். உள்ளே செலுத்தும் சலைனை ஃப்ரிட்ஜிலிருந்தோ அலமாரியிலிருந்தோ அப்படியே எடுத்துப் போடாதீர்கள், 37 டிகிரிக்குக் கொண்டுவந்துவிட்டுப் போடுங்கள். இதற்கெல்லாம் காசு ஆகாது.

இறங்கிய சூட்டை ஏற்றுவது கஷ்டம், இறங்காமல் பார்த்துக்கொள்வது சுலபம். மயக்கம் கொடுக்கும் முன்பே 10, 15 நிமிடம் கூண்டைச் சூடான இடத்தில் வைத்துவிடுங்கள். மூச்சோடு மயக்க மருந்து கொடுக்கும் ஐசோஃப்ளூரேன் பெட்டியின் அடியிலும் ஒரு ஹீட்டிங் பேட் இருக்கட்டும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் பேடை மேசையில் மட்டும்தான் போடுகிறார்கள். வெறும் ஸ்டீல் மேசையில் விலங்கு படவே கூடாது. மேலே ஒரு துண்டு பபுள் ராப் போர்த்தி வெட்டும் இடத்தில் மட்டும் ஓட்டை போட்டுக்கொண்டால், பார்க்க ஏதோ பார்சல் மாதிரி இருக்கும், ஆனால் நன்றாகவே காக்கும்.

ஒரு எச்சரிக்கை. மருந்துக்கடையில் இடுப்பு வலிக்கு விற்கிற ஹீட்டிங் பேடை எலிக்குப் போடாதீர்கள். ஒரே இடத்தில் சூடு ஏறிப் போகும், மயக்கத்தில் இருப்பது நகர முடியாது, மறுநாள் வயிற்றுத் தோல் வெந்திருப்பதை நானே பார்த்து மருந்து போட்டிருக்கிறேன். கையுறையில் வெந்நீர் நிரப்பிப் பக்கத்தில் வைக்கிற வழக்கமும் அப்படித்தான்: முதலில் சுடும், அரை மணி நேரத்தில் ஆறிப்போய் விலங்கின் சூட்டையே உறிஞ்ச ஆரம்பிக்கும். வெந்நீர் சுழலும் பேடோ, ப்ரோப் சொல்கிற சூட்டுக்கு ஏற்பத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் பேடோதான் வாங்க வேண்டியது. ப்ரோப் இல்லாமல் பேடை மட்டும் நம்பாதீர்கள். நெற்றியில் காட்டுகிற துப்பாக்கித் தெர்மாமீட்டர் தோலின் சூட்டைத்தான் சொல்லும், உள்ளே என்ன என்று அதற்குத் தெரியாது.

அப்புறம்தான் நிஜமான கோட்டை விடும் இடம். தையல் போட்டாகிவிட்டது, கையுறையைக் கழற்றியாகிவிட்டது, எல்லோரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஐசோஃப்ளூரேன் என்றால் சில நிமிடத்தில் எழுந்துவிடும், கீட்டமைன், சைலசின் என்ற மயக்க மருந்துகளை ஊசியாகப் போட்டிருந்தால் அது இன்னும் வெகுநேரம் அப்படியே கிடக்கும், சூடு இறங்கிக்கொண்டே இருக்கும். உடம்பு குளிர்ந்தால் மருந்து கரைவது மெதுவாகும், மருந்து கரையாததால் எழாது, எழாததால் இன்னும் குளிரும். மூச்சும் இதயத் துடிப்பும் இறங்கும். அந்த ஈரோட்டுப் பெண்ணின் சுண்டெலிக்கு நடந்தது இதுதான்.

எங்கள் அனிமல் ஹவுஸில் 20 வருடமாக வேலை பார்க்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார், சொந்த ஊர் கிருஷ்ணகிரி. அன்று அவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்: "கோழிக்குஞ்சுக்கு பல்பு போட்டா பொட்டியோட ஒரு பக்கம்தான் போடுவோம் பாப்பா. சூடு அதிகமானா அதுவே தள்ளிப் போகணும்ல." கூண்டின் பாதி மட்டும் பேடின்மேல் இருக்க வேண்டும் என்பதை இதைவிட நன்றாக நான் சொல்லிவிட முடியாது. அடியில் தூள் படுக்கை வேண்டாம், கண்ணிலும் மூக்கிலும் ஒட்டும், டிஷ்யூ விரித்தால் போதும். முழுதாகத் தெளியும்வரை தனியாக வையுங்கள், தெளியாததை மற்றவை கடிக்கும். தெளிந்த பிறகு கூட்டாளிகளிடம் விட்டுவிடுங்கள், அவை தரும் சூட்டுக்கு ஈடு கிடையாது. நம் ஊரில் கரண்ட் போகும், ஆகவே பேடின் ப்ளக் யுபிஎஸ் லைனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆராய்ச்சிக் கணக்காகப் பார்த்தாலும் சரி, 37-ல் இருந்த விலங்கையும் 31-க்குப் போய் வந்த விலங்கையும் ஒரே குழுவில் வைத்து எண்களைக் கூட்டினால் அந்த எண்களுக்கு என்ன அர்த்தம்? எதிக்ஸ் கமிட்டிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்தில் அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பை நாம் எழுதித்தான் கொடுக்கிறோம். அதில் "சூடாக வைக்கப்படும்" என்று ஒரு வரி போடாமல், யார் உட்கார்ந்திருப்பார், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை சூடு பார்ப்பார் என்று எழுதுங்கள். எங்கள் தாளில் இப்போது 10 நிமிடத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது.

அந்தச் சுண்டெலியை மெதுவாகச் சூடேற்றி எழுப்ப இரண்டு மணி நேரம் ஆயிற்று. மறுநாள் காலை நான் போனபோது, போட்டிருந்த டிஷ்யூவையெல்லாம் கிழித்து மூலையில் கூடு கட்டி உள்ளே படுத்திருந்தது. அவள் எனக்கு முன்னாலேயே வந்து கூண்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.