கவாத்து: சொல் விளக்கம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், உச்சிப்புளி பக்கம் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்களிடம் பயிற்சிக் காலத்தைப் பற்றிக் கேட்டால் கவாத்தில்தான் தொடங்குவார்கள். துப்பாக்கியெல்லாம் அப்புறம்தான். அதே சொல்லைத் தங்கச்சிமடத்தில் மல்லிகை போட்டிருப்பவர்களிடம் சொன்னால் கத்தரியைத் தேடுவார்கள். கார்த்திகை வாக்கில் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவதும் கவாத்துதான். இங்கே பார்ப்பது பட்டாளத்துக் கவாத்து.

அரபியில் 'காயிதா' என்றால் அடித்தளம், விதி. பன்மை 'கவாஇத்'. இலக்கண விதிகளுக்கும் அங்கே இதே பெயர். பிள்ளைகள் அரபி எழுத்துப் பழகும் முதல் புத்தகமும் காயிதாதான், கீழக்கரைக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. உருது வழியாகப் படைக்குள் வந்தபோது, விதிப்படி நிற்கவும் திரும்பவும் நடக்கவும் பழகுவது என்ற பொருள் சேர்ந்தது. இந்தியில் 'கவாயத்'. தமிழில் நடுவே இருந்த உயிரொலி தேய்ந்து 'கவாத்து' ஆனது. தெலுங்கிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய இதே ஒலி. 'சாயிப்பைக் கண்டால் கவாத்து மறக்கும்' என்று மலையாளத்தில் ஒரு பழமொழியே உண்டு; சாயிப்பு என்றால் வெள்ளைக்காரத் துரை.

நீலகிரியில் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஓட்டம் பெரிய விஷயமில்லை, கடற்கரையில் ஓடிப் பழகிய கால்கள். சிக்கல் குதிகாலில் வந்தது. மணலில் ஓங்கி மிதித்தால் கால் புதையும், சத்தம் எழாது. மைதானத்தில் அந்தச் சத்தம்தான் கணக்கு. வரிசை முழுக்க பூட்ஸ் ஒரே 'தட்' என்று விழவேண்டும். இரண்டாவதாக ஒரு 'தட்' கேட்டால், உஸ்தாத், அதாவது பயிற்சி தருபவர், எல்லோரையும் மறுபடி நடக்கவிடுவார். பதற்றத்தில் இடக்காலோடு இடக்கையும் சேர்ந்து முன்னே போகும் ஆள் வரிசைக்கு ஒருவராவது இருப்பார். 'சாவ்தான்' (விறைப்பாக நில்), 'விஷ்ராம்' (தளர்ந்து நில்), 'பீச்சே முட்' (பின்னால் திரும்பு) எல்லாம் இந்தி; அர்த்தம் புரியுமுன் உடம்பு திரும்பியிருக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'அணிவகுப்பு' என்று பலர் எழுதுகிறார்கள். அது குடியரசு நாளில் நாம் பார்ப்பது. அதற்காக வியர்வை சிந்துவதுதான் கவாத்து. 'படைப்பயிற்சி' என்றால் சுடுவது, பதுங்குவது எல்லாம் உள்ளே வந்துவிடும். 'அணிநடை' நெருங்கி வருகிறது, ஆனால் அசையாமல் நிற்பதும் கவாத்தில் பாதி. அதனால் 'அணிப்பயிற்சி' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. பழைய நூல்களில் ஆயுதப் பயிற்சிக்குச் 'சிரமம்' என்ற வடசொல்லும் வழங்கியது. பயிற்சி எடுத்தவர்கள் மறுக்கமாட்டார்கள்.

எழுத்தில் அணிப்பயிற்சி என்று போடலாம். பேச்சில் கவாத்தை மாற்றச் சொல்லமாட்டேன். மாற்றச் சொன்னாலும் உச்சிப்புளியில் யாரும் கேட்கப்போவதில்லை.