ஸ்கேனர் இருக்கிறது, பெயர் சொல்லத்தான் ஆள் வேண்டும்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்பான லயத்தில் ஒரு வீட்டில், அடுப்புக்கு மேலே இருந்த பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார்கள். உள்ளே பொலித்தீன் பை, அதற்குள் இன்னொரு பை. கடைசிப் பையில் பிறப்புச் சான்றிதழ்கள், தொழிற்சங்கச் சந்தா ரசீதுகள், மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு பிரஜாவுரிமை விண்ணப்பப் பிரதி. பல வருடப் புகையில் காகிதமெல்லாம் சாயத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. ஆனால் கரையான் தொடவில்லை.

மலையகத்தில் ஆவணம் சேர்க்கும் வேலைக்கு வந்த புதிதில், தோட்டத்து வீடுகளில் என்ன பெரிதாக இருக்கப்போகிறது என்றுதான் நானும் நினைத்தேன். தப்பு. இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த, காகிதம் இல்லை என்று சொல்லி நாடற்றவர்களாக்கப்பட்ட சனம் இது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் முந்தைய தலைமுறை இலங்கையில் பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1949 சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பம் போனது. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று ஆளைப் பங்கு போட்டார்கள். மிச்சமிருந்தவர்களின் விவகாரம் 2003 சட்டம் வரைக்கும் இழுபட்டது. அப்படி அடிபட்ட வீட்டில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட எறிய மாட்டார்கள்.

இதைப் புரிந்துகொள்ளாமல் ஆரம்பத்தில் நான் ஒரு பிழை செய்தேன். ஒரு குடும்பத்தின் காகிதங்களை ஸ்கேன் பண்ணுவதற்கென்று வாங்கிக்கொண்டு போய், வேலை நெருக்கடியில் மூன்று மாதம் அலமாரியில் வைத்திருந்தேன். அந்த வீட்டுப் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க அதில் ஒரு சான்றிதழ் தேவைப்பட்டிருக்கிறது. தகப்பனார் கொழும்பு வரைக்கும் வந்தார். கோபப்படவில்லை. “பரவாயில்ல தம்பி” என்று சொல்லிவிட்டு, பையைப் பிரித்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். அன்றிலிருந்து மூலப் பிரதி வீட்டைத் தாண்டுவதில்லை. மடிக்கணினியையும் ஸ்கேனரையும் நாங்கள்தான் லயத்துக்குச் சுமக்கிறோம். கரண்ட் போனால் திண்ணையில் உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கிறோம்.

இந்த மாதிரி ஆவணகங்களுக்கு உதவ நினைப்பவர்கள் முதலில் கேட்பது, “ஸ்கேனர் வாங்கித் தரட்டுமா?” நல்ல மனசுதான். ஆனால் ஸ்கேனர் ஒரு தடவை வாங்குகிற சாமான். சர்வர் வாடகை, பேக்கப் வட்டு, வேலை செய்கிற பிள்ளைகளின் சம்பளம் எல்லாம் மாதாமாதம் வருகிறவை. ஒரு வருடத்துக்கு நிதி தருவார்கள், திறப்பு விழாவுக்கும் வருவார்கள். அடுத்த வருடம் தளத்தை நடத்த ஆளில்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தை எத்தனையோ பேர் காசில்லாமல் வாசிக்கிறோம். வாசிக்கிறவருக்குத்தான் இலவசம், நடத்துகிறவருக்கு இல்லை. என்னைக் கேட்டால், ஒரே தடவையாக வருகிற 50,000 ரூபாயைவிட மாதம் தவறாமல் வருகிற 500 ரூபாய் பெரிது.

காசைவிடவும் தட்டுப்பாடான ஒன்று இருக்கிறது. அதே தகரப் பெட்டியில் ஒரு படம் இருந்தது: தேயிலை ஆலைக்கு முன்னால் பத்தொன்பது பேர், நடுவில் ஒரு சங்கக் கொடி. ஸ்கேன் பண்ண ஒரு நிமிடம் ஆனது. பெயர் எழுத இரண்டு பின்னேரம். பழைய சிலோன் தபால் அட்டைகளைப் பார்த்திருப்பீர்கள்; கொழுந்து பறிக்கிற பெண் இருப்பாள், கீழே ‘தமிழ்க் கூலி’ என்று போட்டிருக்கும், பெயர் இருக்காது. பெயர் எழுதாமல் நாங்கள் ஏற்றிவிட்டால், அந்த வெள்ளைக்காரப் படக்காரர் செய்ததைத்தான் நல்ல துல்லியத்தில் திருப்பிச் செய்கிறோம்.

அதனால் உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால், ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். சொல்வதைப் போனில் பதிவு செய்யுங்கள். பெயர், தோட்டம், டிவிஷன் (தோட்டத்தின் பிரிவு) மூன்றையும் படத்தின் பின்பக்கம் மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். போல்பொயின்ட் பேனா முன்பக்கத்தில் தடம் விழுத்தும். அப்புறம், தயவுசெய்து லேமினேட் பண்ணாதீர்கள். சூட்டில் ஒட்டின பிளாஸ்டிக்கைக் காகிதம் கிழியாமல் பிரிக்க எங்களுக்கு வழியில்லை. செலோடேப்பும் நாளடைவில் மஞ்சளாகிக் காகிதத்தையும் கெடுக்கும்.

சரி, கிடைத்ததையெல்லாம் இணையத்தில் ஏற்றிவிடலாமா என்றால், அதுவும் கூடாது. சம்பளத் துண்டில் கடன் இருக்கும். சங்கக் கூட்டக் குறிப்பில் யார் யாரைக் காட்டிக்கொடுத்தார்கள் என்று இருக்கும். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் அடுத்தடுத்த லயத்து அறையில்தான் இருக்கிறார்கள். வீட்டார் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். எந்த ஆவணகத்துக்கும் ஒன்றைக் கொடுக்க முன்பு, “பிறகு எடுக்கச் சொன்னால் எடுப்பீர்களா?” என்று கேளுங்கள். பதில் இழுபட்டால் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

ஆலைப் படத்தில் பதினெட்டுப் பேருக்கு அந்த வீட்டுப் பாட்டி பெயர் சொன்னார். இடமிருந்து நாலாவது ஆள் மட்டும் வாய்க்குள் நின்றுகொண்டு வரவே இல்லை. ஒரு மாதம் கழித்து, காலை ஆறரை மணிக்குப் போன்.

“தம்பி, அந்த நாலாவது ஆளு பேரு வந்திருச்சு.”

சொன்னார். எழுதிக்கொண்டேன்.

“ஆனா அவரு மக இருக்கா. அவகிட்டக் கேட்டுட்டுப் போடு.”

மகளைத் தேடிப் பிடித்துக் கேட்டோம். யோசித்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றார். பட்டியலில் அந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறோம்: ‘நாலாமவர் – பெயர் தெரியும். குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி வெளியிடப்படவில்லை.’