பூங்கா அல்ல, காப்புநிலம்

போன மாதம் அக்கா குடும்பத்தோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போயிருந்தோம். வாசலில் பொலித்தீன் பைகளை வாங்கி வைத்துக்கொண்டார்கள். தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட விடவில்லை. "பூங்காதானே தம்பி, இதுக்கு ஏன் இவ்வளவு கெடுபிடி?" என்றார் வேன் ஓட்டி வந்த அண்ணன். இதே கேள்வியை எத்தனையோ பேர் வாயில் கேட்டாயிற்று. அவர்கள் மேல் தப்பில்லை. பலகையில் 'தேசிய பூங்கா' என்றுதானே எழுதியிருக்கிறது.

பூவும் காவும் சேர்ந்தது பூங்கா. கா என்றால் சோலை. நமக்குப் பூங்கா என்றால் நுவரெலியா விக்டோரியா பார்க், ஹக்கல தோட்டம். பாத்தி கட்டி, பூ வளர்த்து, வாங்கு போட்டிருக்கும் இடம். ஆங்கிலத்துப் 'பார்க்' அப்படிப் பிறந்ததல்ல. வேட்டைக்கென்று மான்களை வேலியடைத்து வைத்த காட்டுக்குத்தான் முதலில் அந்தப் பெயர். அதனால் அமெரிக்கர்கள் 1872இல் யெலோஸ்டோனை அப்படி அழைத்தபோது சொல்லுக்குள் விலங்கும் நிலமும் ஏற்கெனவே இருந்தன. நம் சொல்லில் பூவும் சோலையும் மட்டும்தான் இருக்கின்றன.

இது வெறும் சொல் தகராறு இல்லை. சமவெளியின் புல்வெளியில் மஞ்சளாகப் பூக்கும் ஒரு முட்செடியைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்தது. உள்ளூர்ப் புல்லை அமுக்கிப் படர்வதால் அதைப் பிடுங்கி ஒழிப்பதே அங்கே ஒரு பெரிய வேலை. பூங்காவுக்கு வந்தவர் கண்ணுக்கு அது அழகான பூ. பக்கத்தில் நின்று படம் எடுக்கிறார். மரைக்குப் பிஸ்கட் நீட்டுகிறவரும் அதே நினைப்பில்தான் நீட்டுகிறார். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் நீர் தரும் 3,160 ஹெக்டேயர் மேட்டுநிலம் இந்தச் சமவெளி. 1969இல் இயற்கை ஒதுக்கமாக்கி, 1988இல் 'தேசிய பூங்கா' என்ற பெயரைக் கொடுத்தார்கள்.

சரி, 'தேசிய வனப்பூங்கா' என்று சொன்னால் தீர்ந்துவிடாதா என்கிறார்கள். செய்திகளில் அதுவும் அடிபடுகிறது. எனக்கு இது முன்னதைவிட மோசம். முதலாவது, சமவெளியில் பல இடங்களில் கண்ணுக்கெட்டிய தூரம் புல். அதை வனம் என்று எப்படிச் சொல்வது? அடுத்தது, நம் நாட்டில் வனத்துக்கு ஒரு திணைக்களம், வனசீவராசிகளுக்கு வேறொரு திணைக்களம், சட்டமும் வேறு. தேசிய பூங்காக்கள் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. நக்கிள்ஸ் மலைக்காடு வனத் திணைக்களத்தின் பொறுப்பு. 2010இல் யுனெஸ்கோ ஹோர்ட்டன் சமவெளியையும் நக்கிள்ஸையும் ஒரே உலக மரபுரிமைக்குள் சேர்த்தது உண்மை. அதற்காக நிர்வாகமும் ஒன்றாகிவிடவில்லை. 'வன' என்று முன்னால் ஒட்டியவுடன் யாரிடம் முறையிடுவது என்பதே குழம்பிப்போகிறது. சரணாலயம் என்ற சொல்லும் ஆகாது. அதே சட்டத்தில் அது வேறு வகை, தனியார் காணிகூட அதற்குள் இருக்கலாம்.

மொழிபெயர்ப்பவர்கள் சிங்களத்து 'உத்யான'வைப் பார்த்ததும் கை தானாகப் பூங்கா என்று எழுதிவிடுகிறது. ஹக்கலவில் போய் நின்று பார்க்கட்டும். முன்னால் 1861இல் சிங்கோனா என்ற மருந்து மரம் வளர்க்கத் தொடங்கிய தோட்டம். முதுகில் ஆராய்ச்சிக்கன்றி எவரும் நுழைய முடியாத காடு. பூங்கா எது, காப்பது எது என்று அங்கே ஒரே பார்வையில் விளங்கும்.

என் தெரிவு 'தேசியக் காப்புநிலம்'. புல், காடு, சதுப்பு, யாலவின் கடற்கரை எல்லாம் நிலத்துக்குள் அடங்கும். மக்கள் போய்ப் பார்க்கலாம் என்ற பொருள் இதில் இல்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயம்தான். ஆனால் அந்த அனுமதியை நுழைவுச்சீட்டு சொல்லும். காக்க வேண்டும் என்பதைப் பெயர்தான் சொல்ல வேண்டும்.

நுவரெலியாவை ஒட்டிய கல்வேஸ் லேண்ட் தேசிய பூங்காவில் இந்தப் பெயர் மாற்றத்தைத் தொடங்கலாம். சுமார் 29 ஹெக்டேயர்தான். விக்டோரியா பார்க்கில் நடந்த கையோடு அங்கேயும் போகிறவர்களுக்கு, இரண்டு பலகையிலும் ஒரே சொல் இருக்கக் கூடாது.