குடிவரப்போவது யார்?

வாடகைத் தகராறு என்று என்னிடம் வரும் வீட்டு உரிமையாளர்கள் பலரும், "நல்லா விசாரிச்சுத்தான் சார் விட்டேன்" என்பார்கள். என்ன விசாரித்தார்கள் என்று கேட்டால், எந்த ஊர், என்ன ஆட்கள், சைவமா, பேச்சிலரா என்பதோடு முடிந்துவிடும். மாதம் பிறந்தால் வாடகை வருமா என்பதற்கு இதில் எதுவும் பதில் இல்லை. சைவச் சாப்பாட்டுக்காரரும் ஆறு மாதம் பாக்கி வைப்பார்.

சென்னையில் நடக்கும் ஒரு மோசடியைப் பாருங்கள். பேரம் பேசாமல் ஒருவர் வீட்டை எடுப்பார். "எங்க கம்பெனி ஸ்டாஃப் தங்குவாங்க" என்பார். இரண்டு மூன்று மாதம் வாடகை சரியாக வரும், அப்புறம் நின்றுவிடும். போனையும் எடுக்க மாட்டார். நேரில் போய்க் கதவைத் தட்டினால் முன்பின் தெரியாத குடும்பம் ஒன்று நிற்கும்: "நாங்க லீசுக்கு இருக்கோம், 8 லட்சம் கொடுத்திருக்கோம்." அவர்கள் காட்டும் பத்திரத்தில் உங்கள் கையெழுத்தே இருக்காது. பணத்தோடு போனவர் போய்விட்டார், ஏமாந்த இரண்டு தரப்பும் எதிரெதிரே நிற்கிறீர்கள். கோபத்தில் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் சட்டப்படி தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும்.

அதனால், அக்ரிமென்டில் கையெழுத்துப் போடுபவரை மட்டும் பார்த்தால் போதாது. குடியிருக்கப்போகிறவர்களையும் நேரில் பாருங்கள். எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக்கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது, அக்ரிமென்டிலும் எழுதுங்கள். முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டு ஒருமுறை போய் வாருங்கள்.

ஆதார் ஜெராக்ஸை வாங்கி ஃபைலில் வைப்பது விசாரணை ஆகாது. அசலைக் கேளுங்கள், அதிலுள்ள கியூஆர் கோடை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்து பெயரும் படமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கம்பெனி அடையாள அட்டையை எந்தக் கடையிலும் அடித்துவிடலாம். சம்பளம் ஏறுகிற வங்கிக் கணக்கின் கடைசி மூன்று மாத ஸ்டேட்மென்ட் அதைவிட நம்பகமானது.

குடிவருபவர் இப்போது இருக்கும் வீட்டின் ஓனரிடம் விசாரிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. காலி பண்ணினால் போதும் என்றிருப்பவர் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார். அதற்கு முன்பு இருந்த வீட்டின் ஓனரைப் பிடியுங்கள். வாடகை எத்தனையாம் தேதி வந்தது, காலி செய்தபோது அட்வான்ஸை முழுசாகத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று கேளுங்கள். அவர் தயங்கினால் காரணத்தையும் கேளுங்கள். காவல்துறைச் சரிபார்ப்புக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே விண்ணப்பிக்கலாம்.

"11 மாத அக்ரிமென்ட்தானே, பதிவு எதுக்கு?" என்பது பழைய பேச்சு. 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்க வேண்டும். டோக்கன் அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, நல்ல நாள் போய்விடுமே என்று அக்ரிமென்ட் எழுதும் முன்பே பால் காய்ச்சச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள்.