கிழட்டு எலியும் கொலாஜனும்

"வயது போனால் ஆணுறுப்பு தளர்வது நரம்புக் கோளாறா?" என்று ஹட்டனிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நரம்புக்கும் பங்குண்டு, இரத்தக் குழாய்க்கும் உண்டு. பலர் கணக்கில் எடுக்காதது, அந்த உறுப்பைக் கட்டி நிறுத்தும் கொலாஜன் புரதம். அதைப் பற்றி நிறையச் சொல்லித் தந்தவை எலிகள்.

24 மாத எலி கிழடு. முதுமையில் கொலாஜன் எப்படி மாறுகிறது என்று பார்க்கும் ஆய்வுக்குப் பிரவுன் நோர்வே என்ற எலி இனத்தைத்தான் விரும்பி எடுப்பார்கள். ஃபிஷர் 344 இனத்துக்கு முதுமையில் விதையில் கட்டி வந்து முடிவைக் குழப்பிவிடும்.

கொலாஜன் மூலக்கூறில் மூன்று சங்கிலிகள் முறுகிக் கிடக்கும். பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகளை லைசில் ஒக்சிடேஸ் நொதியம் அளவாகப் பிணைக்கும். அது உறுதிக்குத் தேவை. முதுமையில் சேரும் பிணைப்பு வேறு. இரத்தத்திலுள்ள குளுக்கோஸ், நொதியம் எதுவும் இல்லாமலேயே, கொலாஜனிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் ஒட்டுகிறது. மெல்ல மெல்ல உருமாறி, அருகிலுள்ள ஆர்ஜினின் என்ற இன்னோர் அமினோ அமிலத்தையும் பிடித்துக்கொள்கிறது. குளுக்கோசபேன் அப்படிப்பட்ட ஒரு பிணைப்பு. கொலாஜன் லேசில் புதுப்பிக்கப்படாத புரதம், ஆகவே விழுந்த முடிச்சு அப்படியே கிடக்கும். தளர்வாகக் கட்டிய விறகில் கம்புகள் வழுக்கும். நாலு இடத்தில் இறுக்கினால் கட்டு முழுவதும் ஒரே மரம்போல் விறைத்துவிடும். சீனி வருத்தக்காரருக்குத் தளர்ச்சி முந்தி வர இதுவும் ஒரு காரணம்.

இனி உறுப்புக்கு வருவோம். பஞ்சுபோன்ற உள்திசுவிலுள்ள மழமழப்பான தசை தளர்ந்தால் இரத்தம் நிரம்பும். உப்பிய திசு, வெளியுறைக்கு அடியில் ஓடும் சிறு நாளங்களை நசுக்கி, இரத்தம் வெளியேறும் வழியை அடைக்கும். கிழட்டு எலியில் தசை குறைந்து கொலாஜன் கூடுகிறது. திசு போதியளவு உப்பாது, நாளம் முழுதாக மூடாது, வந்த இரத்தம் கசிந்து போய்விடும். (எலிக்கு அங்கே ஓர் எலும்பும் உண்டு, நமக்கில்லை, அப்படியே மனிதனுக்குப் பொருத்தக்கூடாது.) பஸ் ஸ்டாண்டில் விற்கும் தைலம் இந்த முடிச்சை அவிழ்க்காது. குளுக்கோசபேனை வெட்ட அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இன்னும் இல்லை.

கொலாஜனை அளப்பதில்தான் பலர் சறுக்குவார்கள். திசுவை ஐதான அசற்றிக் அமிலத்தில் கரைத்து அளந்தால், கிழட்டு எலியில் கொலாஜன் குறைந்ததுபோல் தெரியும். உண்மையில் குறையவில்லை, பிணைப்பு கூடியதால் கரைய மறுக்கிறது. 6 நோர்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 110 பாகை செல்சியஸில் ஓர் இரவு முழுக்க வேகவைத்து எல்லாவற்றையும் உடைக்க வேண்டும். பிறகு அமிலத்தை ஆவியாக்கவோ நடுநிலையாக்கவோ வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வரும் நிறச் சோதனையில் நிறம் சரியாக எழாது. நிறம் எழ, முதலில் புதிதாகக் கரைத்த குளோரமின்-டி, அடுத்து ஏர்லிக் கரைசல் சேர்க்க வேண்டும். அந்த நிறத்தை 560 நானோமீற்றர் ஒளி அலைநீளத்துக்குக் கிட்ட வாசித்தால், பெரும்பாலும் கொலாஜனிலேயே இருக்கும் ஹைட்ரொக்சிபுரோலின் என்ற அமினோ அமிலத்தின் அளவு கிடைக்கும். அதைச் சுமார் 7.5ஆல் பெருக்கினால் கொலாஜன்.

விதையிலும் கொலாஜனை அளப்பவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. முதுமையில் விதை சுருங்கினால், ஒரு கிராமுக்கான கொலாஜன் தானாகக் கூடிவிடும். முழு உறுப்பிலுள்ள மொத்த அளவையும் பக்கத்தில் எழுதாத அட்டவணையை நம்பக்கூடாது.

ஓராண்டு நிதியில் இந்த ஆய்வு சரிவராது என்பது என் அபிப்பிராயம். பணம் தீர்ந்ததும் 12 மாத எலியையே "கிழடு" என்று எழுதிவிடுகிறார்கள். நுவரெலியாவில் வளர்ப்பதானால் ஹீட்டர் செலவும் சேரும்: கூண்டறை 20 முதல் 24 பாகையில் இருக்க வேண்டும், இங்கே சராசரியே 16தான். குளிரில் எலி அதிகம் தின்னும், தீனியின் அளவு மாறினால் கொலாஜன் முதிரும் வேகமும் மாறிவிடும்.