பேட்ச் மீட்டில் உங்கள் பக்கத்து நாற்காலியில் இருப்பவர்

டிசம்பர் கடைசி வாரம் தொடங்கிப் பொங்கல் வரை அலும்னி மீட் சீசன், அதாவது ஒன்றாகப் படித்த பேட்ச்காரர்கள் மறுபடி கூடும் காலம். வெளிநாட்டில் இருப்பவர்கள் லீவில் ஊருக்கு வரும் நேரம் என்பதால் வெள்ளிவிழா பேட்ச்கள் பெரும்பாலும் இந்த நாட்களுக்குள்தான் தேதி குறிக்கின்றன. சீசன் முடிந்த கையோடு குடும்பநல ஆலோசனைக்கு என்னிடம் வரும் தம்பதிகளில் சிலர், "அந்த மீட்டுக்குப் போய்ட்டு வந்ததுல இருந்துதான் மேடம் இப்படி" என்று பேச்சை ஆரம்பிப்பார்கள்.

இதைச் சொன்னதும் கேட்பவர்கள் எல்லோருக்கும் பழைய காதல்தான் நினைவுக்கு வருகிறது. அதுவும் உண்டு, பிறகு வருகிறேன். நான் பார்த்தவரை பெரும்பாலான சண்டைகள் அதைவிடச் சின்ன விஷயத்தில் பிறந்தவை. கூட்டிக்கொண்டு போனவர், கூட வந்தவரை மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டுக் காணாமல் போய்விடுகிறார்.

ஒரு மாலையைக் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். அடையாளம் தெரியக்கூடாது என்பதால் பல தம்பதிகள் சொன்னதைச் சேர்த்து எழுதுகிறேன். ஹோட்டல் வாசலில் ரிஜிஸ்ட்ரேஷன் மேஜை. கணவர் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை: பெயர், பிரிவு, ஹாஸ்டல் பட்டப்பெயர், மீசை அரும்பாத வயதுப் போட்டோ. மனைவிக்கும் ஓர் அட்டை தருகிறார்கள். அதில் 'ஸ்பவுஸ்' என்று போட்டு, கீழே கணவர் பெயர். அந்த அம்மா ஒரு வங்கிக் கிளையின் மேலாளர். அன்று இரவு முழுக்க அவர் பெயரை யாரும் கேட்கவில்லை. "டேய் மாப்ள!" என்று நாலு பேர் வந்து கணவரைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனார்கள். "அஞ்சு நிமிஷம் சிஸ்டர், இதோ அனுப்பிடறோம்." அந்த ஐந்து நிமிடம் பஃபே மூடும்வரை நீண்டது. நடுவில் ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், பழைய படங்களைத் திரையில் ஓட்டினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மண்டபம் அதிரச் சிரித்தது. ஏன் சிரிக்கிறார்கள் என்று சொல்ல அவர் பக்கத்தில் ஆள் இல்லை. அடுத்த நாற்காலியில் இருந்த இன்னொருவர் மனைவியிடம் எந்த ஊர், பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் எல்லாம் விசாரித்தாயிற்று. காரில் ஏறியதும் கணவர், "செமையா இருந்துச்சு இல்ல?" என்றார். அங்கேதான் வெடித்தது.

"எங்கிட்ட ஒரு நாளாவது இப்படிச் சிரிச்சிருக்காரா, கேளுங்க மேடம்." என் அறையில் அவர் இதைக் கேட்டபோது கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி நியாயமானது. பதில் நினைவாற்றலில் இருக்கிறது. நடுவயதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவையே அதிகமாக வந்து விழும். உளவியலில் இதற்கு 'ரெமினிசென்ஸ் பம்ப்' என்று பெயர். வீட்டை விட்டு முதல் தடவை வெளியே தங்கியது, முதல் அரியர், முதல் சம்பளம் எல்லாம் அந்த வருடங்களில்தானே. அமெரிக்க உளவியலாளர் ஹாரி பாரிக் தன் குழுவோடு 1975-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. பள்ளிப்படிப்பு முடித்த 392 பேரைச் சோதித்தார்கள். முடித்து முப்பது வருடம் கடந்தவர்கள்கூட, உடன் படித்தவர்களின் முகங்களில் பத்துக்கு ஒன்பதை அடையாளம் கண்டுவிட்டார்கள். படத்தைக் காட்டிப் பெயரைக் கேட்டால்தான் திணறினார்கள். மீட்டுகளில் "டேய்ய்..." என்று இழுத்துக்கொண்டே கழுத்து அட்டையை ஓரக்கண்ணால் பார்ப்பார்களே, அதுதான் இது.

ஆக, அந்தச் சிரிப்பு பத்தொன்பது வயதுக்காரனின் சிரிப்பு. மனைவியோடு ஒப்பிட்டு வந்ததில்லை. இதை விளக்கியதும் சில கணவர்கள் கேஸ் ஜெயித்த மாதிரி நிமிர்ந்து உட்காருவார்கள். சிரித்ததற்குத்தான் காரணம் சொன்னேன் சார், மூன்று மணி நேரம் திரும்பிப் பார்க்காததற்கு இல்லை என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

செய்ய வேண்டியது ஒன்றும் கடினமில்லை. போகும் வழியிலேயே யார் யார் வருகிறார்கள், யாரோடு எந்தக் கதை என்று நாலைந்து பேரைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். உள்ளே போனதும் "என் வொய்ஃப்" என்பதோடு நிறுத்தாமல் பெயரையும் அவர் என்ன செய்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். முதல் அரைமணி நேரம் பக்கத்தில் இருங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை வீட்டிலேயே இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க "மேல ரூமுக்கு வாடா" என்ற அழைப்பு எப்படியும் வரும். இந்த வயதில் பாதிப் பேர் ஏதோ ஒரு மாத்திரையில் இருக்கிறார்கள். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் குடித்தால் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கும். தூக்க மாத்திரை எடுப்பவர்கள் மதுவைத் தொடவே கூடாது. வண்டி ஓட்டுபவர் ரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்பதும் நினைவிருக்கட்டும். யார் ஓட்டிக்கொண்டு திரும்புவது என்பதை மனைவி அங்கே போய்த் தெரிந்துகொள்ளக் கூடாது.

இனி மறுபக்கம். மனைவியின் பேட்ச் மீட்.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல், ஊர், நம்பர் எல்லாம் மாறிப்போன பெண்களைத் தேடிப் பிடித்து வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ப்பதே ஏற்பாட்டாளர்களுக்குப் பெரிய வேலை. சேர்ந்தவர்களிலும் பலர், "அவரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்கிறார்கள். கணவரோடு வந்தால் எட்டரை மணிக்கே "போலாமா?" தொடங்கிவிடும். கணவருடைய மீட்டில் அதே மனைவி பதினொன்றரை வரை உட்கார்ந்திருந்ததை அப்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. திரும்பும் வழியில் ஒருவர் கேட்ட கேள்வி: "அந்தத் தாடிக்காரன் உன்னை என்ன 'டீ' போட்டுப் பேசறான்?" அந்தப் பெண் சொன்னார்: "பதினேழு வயசுல இருந்து அப்படித்தாங்க பேசறான். அவன் கல்யாணத்துக்கு நாமதானே போனோம்." கணவருக்கு அது பதிலாகப் படவில்லை. அடுத்த வாரமே அந்தப் பெண் குரூப்பை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

ஒளிவுமறைவில்லாமல் கண்ணெதிரில் நடந்த பேச்சை வைத்துச் சந்தேகப்படுவது எனக்கு உடன்பாடில்லை. நண்பர்கள் அந்தப் பெண்ணுக்கு நெருக்கமானவர்கள் என்பது கணவருக்குத் தெரியாத விஷயமில்லை. அவரைச் சுட்டது வேறு. தனக்குத் தெரியாத ஒருத்தி, வகுப்பறையில் மேடையேறிப் பேசியவள், ஸ்ட்ரைக்கில் முன்னால் நின்றவள், தன் மனைவிக்குள் இத்தனை வருடம் இருந்திருக்கிறாள். இந்தக் கணவரிடம் நான் கேட்டது இதுதான்: அந்தக் கதைகளில் ஒன்றையாவது வீட்டில் அவரிடம் கேட்டிருக்கிறீர்களா?

காரில் சண்டை இல்லாமல் மௌனம் மட்டும் வருவதும் உண்டு. அதை நான் கொஞ்சம் கூடுதலாகவே கவனிப்பேன். மனிதர்கள் தங்களைத் தங்களுக்குச் சமமானவர்களோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954-ல் எழுதினார். கோடீஸ்வரரைப் பார்த்து நமக்கு வயிறு எரிவதில்லை. ஒரே அறையில் இருந்து, நம் நோட்டைப் பார்த்து எழுதிப் பாஸ் பண்ணியவன் இன்று பெரிய நிறுவனத்தில் வைஸ் பிரசிடென்ட் என்றால் இரவு தூக்கம் வராது. அந்த எரிச்சல் பெரும்பாலும் பக்கத்து சீட்டில்தான் இறங்கும்: "அப்பவே உங்கப்பாம்மாவை விட்டு வர முடியாதுன்னு சொன்னே. இல்லேன்னா நானும் அமெரிக்கா போயிருப்பேன்." மீட்டுக்குப் போய்வந்த பிறகு வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு, வேலையில் பிடிப்பு விட்டுப்போய், எதற்கெடுத்தாலும் சலித்துக்கொண்டால் அதை ஒப்பீடு என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். நடுவயது மனச்சோர்வு அப்படியும் வெளிப்படும். டாக்டரைப் பாருங்கள்.

இப்போது பழைய காதல். பிரிந்த காதலர்கள் மறுபடி தொடர்புகொள்வதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் நான்சி கேலிஷ், திருமணமானவர்கள் 'சும்மா எப்படி இருக்காங்கன்னு பார்ப்போம்' என்று ஆரம்பிப்பதையே எச்சரித்தார். எனக்கும் அதே கருத்துதான். அந்த நபர் மீட்டுக்கு வருவார் என்று தெரிந்தால், போவதற்கு முன்பே துணையிடம் சொல்லிவிடுவது நல்லது. பட்டப்பெயரோடு மேடையில் யாராவது மைக்கில் கிண்டலடித்து அங்கே தெரியவருவதுதான் மோசமானது. மீட்டுக்குப் பிறகு தனிச் செய்திகள் போய், அவை அழிக்கவும் படுகின்றன என்றால், அழிக்க ஆரம்பித்த இடத்திலேயே உங்களுக்குப் பதில் தெரிந்திருக்கிறது.

துணையை அழைத்துப் போவது கட்டாயமா என்று கேட்கிறார்கள். கட்டாயமில்லை. "நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்பது சில வீடுகளில் உண்மையான சம்மதம், சில வீடுகளில் கோபம். எது என்று அந்த வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று சொல்வேன். காலையில் பேட்ச்காரர்கள் மட்டும் கல்லூரிக்குப் போய் வகுப்பறை, ஹாஸ்டல், கேன்டீன் எல்லாம் சுற்றிவிட்டு, குடும்பங்களை மாலை விருந்துக்கு மட்டும் வரச்சொன்ன பேட்ச்களிலிருந்து என்னிடம் வந்தவர்கள் குறைவு. மாலையில் மனைவியோ கணவரோ வந்து சேரும்போது பேட்ச்காரர்கள் கட்டிப்பிடித்து அழுது முடித்திருப்பார்கள், பக்கத்தில் உட்கார நேரம் இருக்கும். கழுத்து அட்டையில் அவரவர் பெயரையே அச்சடித்துக்கொடுங்கள். செலவு ஒன்றும் அதிகமாகாது.