‘ஒப்புமை அரசியல்’ அன்று, ‘ஒப்பீட்டு அரசியல்’

சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபம். ஆறாம் படிவம் முடித்த பிள்ளைகளுக்கு மேற்படிப்பு விளக்கக் கூட்டம். பல நாடுகளின் ஆட்சிமுறைகளை எதிரெதிரே வைத்து ஆராயும் துறையைப் பேச்சாளர் ‘ஒப்புமை அரசியல்’ என்றார். இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக இதைக் கேட்கிறேன். ஒரு மாணவி எழுந்து, “ஒன்றுபோல் இருக்கும் நாடுகளை மட்டும்தான் படிப்பார்களா, ஐயா?” என்று கேட்டாள். பிள்ளையின் மேல் பிழையில்லை. சொல் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது.

ஆங்கிலத்தில் இத்துறைக்குப் பெயர் ‘கம்பேரட்டிவ் பாலிடிக்ஸ்’. ‘கம்பேரட்டிவ்’ என்பதன் வேர் இலத்தீன். அதிலுள்ள ‘பார்’ சமம் என்று பொருள்படும். மலாயில் இத்துறை ‘பொலிதிக் பெர்பண்டிஙான்’; ‘பெர்பண்டிஙான்’ என்றால் ஒப்பிடுதல்.

தமிழில்தான் கவனம் வேண்டும். ‘மை’ பண்புப்பெயர் விகுதி. ஒப்புமை என்றால் ஒத்திருக்கும் தன்மை. ஒப்பீடு அப்படியன்று. மதிப்பிடு மதிப்பீடு ஆவதுபோல, முறையிடு முறையீடு ஆவதுபோல, ஒப்பிடு ஒப்பீடு ஆகிறது. அது செயலைச் சொல்லும் தொழிற்பெயர். ஒப்பிட்ட பிறகு ஒற்றுமையும் தெரியலாம், வேற்றுமையும் தெரியலாம். முடிவைப் பெயரிலேயே எழுதிவிட்டால் ஆய்வு எதற்கு?

மலேசியாவும் இந்தியாவும் கூட்டாட்சி நாடுகள். இரண்டிலும் மேலவை உண்டு. ஒப்புமை இத்துடன் நின்றுவிடும். மலேசியாவில் நம் மேலவையான டேவான் நெகாராவின் 70 பேரில் 26 பேரை மட்டுமே மாநிலச் சட்டமன்றங்கள் தேர்ந்தெடுக்கின்றன. 44 பேர் நியமன உறுப்பினர்கள். இந்திய மாநிலங்களவையில் நியமனம் 12 மட்டுமே. ஏன் இந்த வேறுபாடு என்று கேட்கும்போதுதான் அந்தத் துறையே தொடங்குகிறது. தோட்டங்களில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிப் பால் எடுத்த நம் பெரியவர்களுக்கு இது புதிதன்று. ஒரே நிரையில், ஒரே இனத்து மரம் ஒன்றில் பால் குறைந்தால், பக்கத்து மரத்தோடு வைத்துப் பார்த்துத்தானே காரணம் தேடினார்கள்?

‘ஒப்புமை’ தூய தமிழ் என்று சிலர் வாதிடுகிறார்கள். ஒப்பீடு மட்டும் எந்த ஊர்ச் சொல்? கால்டுவெல் 1856இல் வெளியிட்ட நூலைத் தமிழில் ‘ஒப்பிலக்கணம்’ என்கிறோம். ‘ஒப்புமை இலக்கணம்’ என்பதில்லை. அந்த வழியில் ‘ஒப்பரசியல்’ என்றாலும் எனக்கு உடன்பாடே. ஆனால் முதல்முறை கேட்பவருக்கு ‘ஒப்பீட்டு அரசியல்’ உடனே விளங்கும். அகராதியில் முதலில் கண்ட சொல்லை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள், அதை வாக்கியத்தில் வைத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்தாலே போதும். வேறு சிலர் ‘பன்னாட்டு அரசியல்’ என்றும் எழுதுகிறார்கள்; அது நாடுகளுக்கு இடையிலான உறவைப் பற்றியது, வேறு துறை.

அந்த மாணவிக்குக் கூட்டம் முடிந்ததும் சரியான பெயரை அவள் குறிப்பேட்டிலேயே எழுதிக் கொடுத்தேன்.